முதலையை ஒரு படி இறக்குவதற்கு முன்

மச்சான்,

இன்று காலை திணைக்களத்திலிருந்து தபாலில் வந்த கடிதம் மேசையில் கிடக்கிறது. நம் வாவியில் முதலைகள் பெருகிவிட்டனவாம். கடும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அவற்றை ஒரு படி இறக்கினால், ஆபத்தானவற்றை அனுமதி பெற்றுப் பிடித்து வேறிடத்தில் விடலாம். தேவைப்பட்டால் கொல்லவும் செய்யலாம். ஓய்வுபெற்ற வனவிலங்கு அலுவலன் என்று என்னிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். படித்து முடித்ததும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது.

முதலைக் கூடு தேடி உன் தோணியில் நாள் முழுக்கத் திரிந்தோமே, நினைவிருக்கிறதா? அந்த வருடம் களுதாவளைக்கு மேற்கே ஒரேயொரு கூடுதான் கிடைத்தது. சருகை விலக்கி முட்டைகளைக் கண்டதும், "டேய், நம்மட வாவியில இன்னும் இரிக்கிடா!" என்று நீ போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. மீன் பிடிக்கிற உனக்கு இதில் என்ன சந்தோஷம் என்று கேட்டேன். "இருந்தது இல்லாமப் போறது நல்லமில்ல மச்சான்" என்றாய்.

பிறகு அவை பெருகின. அறிக்கையில் எண்ணிக்கை ஏற ஏற எனக்குப் பெருமை. நீயோ நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவன். ஒரு விடியற்காலையில் முதலை உன் இடக்கையைக் கவ்வியது. கூட நின்றவர்கள் துடுப்பால் அடித்து உன்னை மீட்டார்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

கத்தியும் பொல்லுமாக ஊர் கரையில் திரண்டது. அவர்களைத் தடுத்து அனுப்பிவிட்டுத்தான் நான் ஆசுபத்திரிக்கு வந்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "முதல்ல அதைக் காப்பாத்திட்டு, மறுகா என்னைப் பார்க்க வந்திருக்காய். அதுக்குச் சட்டம் இரிக்கி. எனக்கு என்னடா இரிக்கி?"

மாதக்கணக்கில் நீ என்னோடு பேசவில்லை. ஒருநாள் நீயாகவே வந்து, "பொம்புளையள் குளிக்கிற துறைக்காவது வேலி போடுவம், வா" என்று கூப்பிட்டாய். கம்பை நீ ஒற்றைக் கையால் பிடிக்க, நான் அடித்து இறக்கினேன். முதலைகளைப் பிடித்து வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்று நீ. சட்டம் விடாது என்று நான். கடைசியில் நீ நோயில் விழும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

இன்று மாலை, எழுதிய பதிலை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கொல்ல வேண்டாம், பிடித்து வேறிடத்தில் விட அனுமதிக்கலாம் என்று எழுதியிருந்தேன். நீ கேட்டதைக் கடைசியில் கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு.

உன் மனைவி இரண்டு தரம் வாசித்தாள். "தூரத்தில விட்டாலும் முதலை திரும்பி வரும் எண்டு நீங்கதானே அண்ண சொன்னீங்க? மறுகா எங்கட ஆக்கள் என்ன செய்யிற?" என்றாள். தாளை என்னிடம் திருப்பித் தந்து, "அவர் இல்லத்தானே. இனி உங்களோட நான்தான் சண்டை பிடிக்கணும்" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

பதிலை நான் அனுப்பவில்லை. நாளை அவளோடு ஒவ்வொரு துறையாகப் போய், தண்ணீரில் இறங்குகிறவர்களைக் கேட்கப் போகிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் முதலைகளை எண்ணினேன் மச்சான். அவர்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.