மட்டிக்குலைக்கு நாங்கள் கேட்ட ஏலம்

அன்புள்ள மகள் ரெனிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே என் சுகர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அப்பாவின் பிரஷர்தான் அப்பாவைப் போலவே அவ்வப்போது கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறது, மற்றபடி இரண்டு பேரும் சுகம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகன் ஷாஜனும் மூக்கு ஒழுகாமல், சண்டை போடாமல் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்துவார், நீ அங்கிருந்து சிரிப்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும், அதனால்தான் கடிதம். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டு ராகேல் அத்தை போனில் படம்பிடித்து வைத்திருக்கிறாள், அது உனக்கு வந்து சேருமுன் என் வாயால் கேட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். உன் அப்பாவும் நானும் ஊரார் கூடி நிற்க, ஒரு வாழைக்குலைக்காக ஒருவரை எதிர்த்து ஒருவர் ஏலம் கேட்டோம். தெரியாமல்தான் கேட்டோம், அதுதான் இன்னும் வெட்கம்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நம் தெருக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பூங்கா திறந்தார்கள். பெரிதாக நினைத்துவிடாதே, கல் பதித்த நடைபாதை ஒன்று, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, தண்ணீர் வராத நீரூற்றின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிமென்ட் தவளை. பூக்களைப் பறிக்காதீர் என்று பலகை உண்டு, பூதான் இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார் அல்லவா, ஆரம்பத்தில் ரோட்டில்தான் நடந்தார். பூதப்பாண்டி போகிற பஸ் எல்லாம் நம் ரோட்டில் முழங்கையை உரசிக்கொண்டுதான் போகும், அதையாவது பொறுத்துக்கொண்டார், எதிரே வருகிறவர்களைப் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் நிறுத்தி, என்ன தேவகுமார், நெஞ்சக் கீறினாவளாமே, ஆளு பாதியாட்டுப் போனீரே என்று துக்கம் விசாரிப்பார்கள், பைய நடக்கிறவரைப் பார்த்து வேறு உச்சுக்கொட்டுவார்கள். இனி ரோட்டுக்கு வரமாட்டேன் என்று டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாள் என் அடுக்களைக்கு மேற்பார்வை நடந்தது, மரச்சீனி எப்போது வேகும், தேங்காய் எவ்வளவு திருவ வேண்டும் என்று எனக்கே பாடம். எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒருநாள் மீன்குழம்பில் உப்பை மறந்து வைத்துவிட்டேன், ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார். குற்றம் சொல்வதையும் நிறுத்திவிட்டாரே என்றுதான் எனக்குப் பயமும் வெப்ராளமும் பிடித்தது. பேப்பரை விரித்தால் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உனக்கு இதைச் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து நிற்பாய்.

அப்புறம்தான் என் சுகருக்கு நடக்கத் துணை வேண்டும் என்று பொய் சொல்லி அவரை அந்தப் பூங்காவுக்கு இழுத்துப் போனேன். அங்கே நாங்கள் பெண்கள் நடப்பது கதை பேசுகிற நடை. ஒருத்தி மருமகளைப் பற்றி ஆரம்பித்தால் போதும், எல்லாரும் நின்றுவிடுவோம், பின்னால் வருகிற அப்பாவுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், அவர் பைய நடப்பது யாருக்கும் தெரியாது. ஜங்ஷனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற வைகுண்டராஜன் அண்ணாச்சி அவருக்குக் கூட்டாளி ஆனார். நெற்றியில் அய்யாவழி நாமம் துலங்க விடியும்போதே வந்துவிடுவார், ரப்பர் விலையில் ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாது, அதனால் பேச்சு தீராது. சண்டை போடுவதற்காகவே அப்பா காலையில் சீக்கிரம் எழுந்திரிக்க ஆரம்பித்தார். நானும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போது இந்த ஆடி மாதம் பாட்டில் துண்டு ஒன்று யாருடைய காலிலோ கிழித்துப் பெரிய புகாராகிவிட்டது. இருந்த காவல்காரரையும் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, ஊர்க்காரங்க யாராவது தன்னார்வலரா முன்வந்து சாவிய வாங்கிக் காலத்த திறந்து அந்திக்கு அடைச்சு, தூத்துப் பெருக்கி, செடிக்குத் தண்ணி விட்டாக் கொள்ளாம், ஆளு இல்லேண்ணா பூட்டி வைக்கத்தான் சொல்லியிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வீட்டுக்கு வந்து நேரே நாற்காலிக்குப் போனார். பூட்டினா பூட்டட்டும், எனக்கென்ன என்றார். அவருடைய எனக்கென்னவை இத்தனை வருஷம் கேட்டவள் நான். கதவு பூட்டினால் இவரும் பூட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்காவிலேயே கூட்டம் போட்டார்கள். நம் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் கமிட்டி பிறந்துவிடும், உனக்குத் தெரியாததா. தலைவர் ஆனார்கள், துணைத்தலைவர் ஆனார்கள், காசே இல்லாத சங்கத்துக்குப் பொருளாளர் ஆனார்கள், நன்றியுரை சொல்வதற்குக்கூட இரண்டு பேர் போட்டி. வாரியல் பிடித்துப் பெருக்க யார் என்று கேட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முட்டுவலி. ராகேல் முதல் ஆளாக எழுந்து, எனக்க முட்டு தேஞ்சு போச்சுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு, நான் வேணும்னா மேற்பார்வை பாக்கேன் என்றாள். அதற்கு வைகுண்டராஜன் அண்ணாச்சி, சர்ச்சுக்காரங்களுக்கு மீட்டிங்கும் சாயாவும் இருந்தாப் போதும், வாரியல் எடுக்கதுக்கு நாங்கதான் வரணும்போல என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் எனக்குக் குத்தியது.

அப்போது ஜாஸ்பர் சார் எழுந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வருகிற காய்கனிகளை ஏலம் போடுகிறவர், ஒரு முருங்கைக்காயை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பத்தை உசுப்பேற்றிச் சபைக் கூரைக்கு ஓடு போட்ட மனுஷன். பூங்காவில் ஒழுகுகிற குழாயடியில் யாரோ எப்போதோ நட்ட மட்டி வாழை குலை தள்ளி, பழுக்கிற பருவத்தில் நின்றது. அதைக் காட்டி, காசு பணம் ஒண்ணும் வேண்டாம், எந்த நாள் வரைக்கும் பூங்காவத் தூப்பிய, அதச் சொல்லி ஏலம் கேளுங்க, கூடக் கேட்டவங்களுக்குக் குலையும் சாவியும் என்றார். அதுவரை முட்டு வலித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேலைக்குக் கூப்பிட்டால் வராதவர்கள் ஏலம் என்றால் விடுவார்களா? நாள் கணக்கு வேண்டாம், பண்டிகையாகச் சொன்னால் யாருக்கும் மறக்காது என்று அதையும் அவரே சொல்லிவிட்டார்.

நம் சபை ஏலத்தில் கொஞ்சம் கௌரவம் பார்க்கிறவர்கள் தங்கள் வாயால் கேட்கமாட்டார்கள் அல்லவா, பக்கத்தில் நிற்கிறவர் காதில் சொல்லி அவர் வாயால் கேட்க வைப்பார்கள், ஆசை வெளியே தெரியக்கூடாதாம். எனக்கும் அந்த கௌரவம் வந்துவிட்டது. போன அறுப்பில் ஒரு பூசணிக்காய்க்கு நான் போட்ட சத்தத்தில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். அதனால் சறுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு ராகேல் காதில் சொன்னேன். மழைக்கோள் கண்டு அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், அவர் அங்கேதான் இருக்கிறார் என்று நினைப்பு.

ராகேல் ஓணம் வரைக்கும் என்றாள். தொட்டித் தூண் பக்கத்திலிருந்து வைகுண்டராஜன் அண்ணாச்சி தீபாவளி வரைக்கும் என்றார். அந்தச் சாயாப் பேச்சுக்கு விடக்கூடாது என்று நான் கிறிஸ்துமஸ் சொல்லச் சொன்னேன். அவர் பொங்கல் என்றார். ராகேல் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏட்டி, நீயாக்கும் தூக்கணும், நானில்ல, யோசிச்சியா என்று கிசுகிசுத்தாள். சொல்லுட்டி என்று அவள் இடுப்பில் கிள்ளினேன். மண்டைக்காட்டு அம்மன் கொடை வரைக்கும் என்று கத்தினாள், ஒரு சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கியச் செயலாளர் மண்டைக்காட்டுக் கொடையைக் கூப்பிட்டதற்கே கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சி தூணுக்குப் பின்னால் குனிந்து எதையோ கேட்டுவிட்டு நிமிர்ந்து, ஈஸ்டர் வரைக்கும் என்றார். அய்யாவழிக்காரர் ஈஸ்டர் சொன்னதற்கு இன்னும் பெரிய கைதட்டல். ஜாஸ்பர் சார் ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்கிறார். எனக்குப் பூசணிக்காய் ஆவேசம் வந்துவிட்டது, ராகேலைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று நானே போட்டேன் சத்தம். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. ஏட்டி, நீயாட்டி அது?

உன் அப்பா. நான் கிளம்பியதும் குடையை எடுத்துக்கொண்டு வேறு வழியாக வந்திருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு சத்தம் எழும்பவில்லை என்று அண்ணாச்சி வாயால் கேட்டிருக்கிறார், அவர் பாவம் வெறும் வாய்தான். பூங்காவே அதிர்ந்தது சிரிப்பில். ராகேல் போனைக் கீழே வைக்கவே இல்லை. ஜாஸ்பர் சார் சிரிக்காமல், ரெண்டு கேள்வியும் ஒரே வீட்டுலயிருந்து வந்ததுனால, ரெண்டு பேருக்குமாட்டு மூணு தரம் என்று முடித்து, குலையை என்னிடமும் சாவியை அப்பாவிடமும் தந்துவிட்டார்.

திரும்பி வரும்போது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அந்த ராகேலுக்க கையில சாவி போச்சுன்னா, கதவு திறக்கதுக்கு முந்தி அவ வாயில்லா திறக்கும் என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, எனக்க நடைய நான் ஒருத்தருக்க தயவுலயும் நடக்கண்டாம்னு நெனச்சேன் என்றார். நீ என்னத்துக்குக் கேட்ட என்று என்னைக் கேட்டார். சபை மானத்துக்கு என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இதற்குள் நீ கணக்குப் போட்டிருப்பாய். ஆம், இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே வர முடியாது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையென்றால் எடுக்காதே. கோபப்படாதே மக்கா. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வாருங்கள், வந்தால் ஆளுக்கு ஒரு வாரியல் தருகிறோம். குலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைச் சறுக்கில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு சுற்று நடந்தால் ஒரு பழம் என்று வைத்தோம், இந்த ஊர் ஜனங்கள் ஆயுசிலேயே அவ்வளவு நடந்ததில்லை. தோற்றுப்போன அண்ணாச்சி தினமும் வந்து குப்பை வாருகிறார், நீங்க எதுக்கு என்றால், தோத்தவன் வீட்டுல இருக்கணும்னு சட்டமா என்கிறார். கடையில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து ஊஞ்சலுக்கு அடித்தார், ஒன்று ரோஸ், ஒன்று ஆஸ்பத்திரிப் பச்சை, தவளைக்கு மட்டும் பச்சை தீர்ந்துபோய் நீலம். காலேஜ் பிள்ளைகள் வந்து பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், நல்ல பிள்ளைகள், வந்ததற்குக் கையெழுத்து மட்டும் கேட்டார்கள், அப்பா கையெழுத்தோடு ஒரு பிரசங்கமும் கொடுத்து அனுப்பினார். ராகேல் சொன்னபடி மேற்பார்வை பார்க்கிறாள். அப்பா இப்போது செடிக்குத் தண்ணீர் விடுகிறார், நடுவில் உட்காராமல் இரண்டு சுற்று நடக்கிறார். நேற்று நான் பெருக்கும்போது பின்னால் வந்து நின்று, வாரியல இப்படியா பிடிக்கது, தூசி எல்லாம் எனக்க மூஞ்சியிலயில்லா வருது என்று வைதார். குற்றம் சொல்கிறார், ரெனிஷா. நான் மறுபேச்சுப் பேசாமல், அப்படியே பிடித்துத் தூத்துக்கொண்டிருந்தேன், நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்க்காதே. ஷாஜனையும் சமைக்க விடு, கெட்டுப்போனாலும் தின்னுங்கள். ஜெபத்தை விடாதீர்கள். அப்பாவுக்கு மாத்திரை சரியாகக் கொடுக்கிறேன், அதைப் போனில் தினமும் கேட்டு அவரை நோயாளி ஆக்காதே, பூங்காவைப் பற்றிக் கேள். முக்கியமாக, உங்கள் ஊரில் தோட்ட வேலைக்குப் போடுகிற கையுறை அப்பா கை அளவில் ஒரு ஜோடி அனுப்ப மறக்காதே, ரோஸ் நிறம் வேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, கையின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக.

உன்னைத் தினமும் நினைக்கிற, வாரியலும் கையுமாக இருக்கிற அம்மா,
சத்தியபாய்

பின்குறிப்பு: பூங்காவின் பின்சுவர் திறப்புவிழா நடந்த வருஷமே மழையில் இடிந்து, ஆட்டோ நுழைகிற அளவுக்கு வழி கிடக்கிறது, நடக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வருகிறார்கள். முன்கதவின் பூட்டு உள்பக்கம் தொங்குவதால், அப்பாவும் காலையில் அந்த வழியாக உள்ளே போய்த்தான் கதவைத் திறக்கிறார், மாலையில் உள்ளே நின்று பூட்டிவிட்டு அந்த வழியாகவே வெளியே வருகிறார்.