பதினான்கு காலிக் கட்டங்கள்

கண்காணிப்பு மையம், மூன்றாவது மாடி,
வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி.

என் செல்லத் தங்கச்சிக்கு,

இடுப்பு வலியும் போன வருடத்தைவிட நாலு கிலோ கூடுதல் எடையும் தவிர, மற்றபடி சௌக்கியமாக இருக்கும் உன் அக்கா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை புயல் உன் முகத்துவாரத்து ஊர் வழியாகக் கரையேறியதிலிருந்து உன் நம்பரை நூறு தடவையாவது அடித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் வந்து, நீ தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாய் என்று தேன் தடவிய குரலில் சொல்கிறாள். அவளை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எழுதினால் லாரிக்காரர் கடிதத்தை வாங்க மாட்டார். உங்கள் பக்கம் டவரெல்லாம் சாய்ந்து கிடக்கிறதாம். அதனால்தான், கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பேனா பிடித்துப் பழகிவிட்ட நான், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் அடுக்கிய பெட்டிக்குள் வைக்க இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு மணிக்கு லாரி கிளம்புகிறது. நாளைக் காலை லாரியிலிருந்து படகு. படகிலிருந்து உன் கைக்கு.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு என் வீட்டு பிரிட்ஜைக் காலி செய்கிறாள். உன் அத்தான் குறட்டையில் புதிதாக ஒரு விசில் சேர்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குக்கர் என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தாராம். ஆபீசில் ஏ.சி. சண்டை இன்னும் ஓயவில்லை. வானிலை மேசைக்காரர், அதுதான் எது வந்தாலும் "லேசான தூறல்" என்று எழுதித் தப்பித்துக்கொள்வாரே, நாங்கள் தூறல் என்று பெயர் வைத்தோமே அவர், பதினெட்டில் வைக்கிறார். பேரிடர் மேசைக்காரர் சங்கு வந்து இருபத்தாறுக்கு ஏற்றுகிறார். சங்கின் குரலைத்தான் உனக்குத் தெரியுமே, அவர் ரகசியம் பேசினால் கீழே டீக்கடையில் பதில் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நோய்க் கண்காணிப்பு மேசையில் நான், ஒரு தோள் நடுங்க, ஒரு தோள் வேர்க்க.

இப்படியே அரட்டை அடித்து நாலு மணியாக்கிவிடலாம். ஆனால் சொல்லியாக வேண்டும்.

தினமும் காலை ஒன்பது மணிக்குள் நாட்டில் உள்ள ஒவ்வொரு சுகாதார நிலையமும் எனக்கு எண்கள் அனுப்ப வேண்டும். பேதி எத்தனை, காய்ச்சல் எத்தனை, மஞ்சள் காமாலை, நாய்க்கடி, பாம்புக்கடி என்று பத்துக் கட்டம், கடைசியில் குறிப்புக்கு ஒன்று. உன் நிலையத்தின் பொறுப்பு நர்சாக நீ அனுப்புவது எந்த நேரத்துக்கு வரும் என்று இந்தக் கூடத்துக்கே தெரியும். "நாய்க்கடி மூன்று. கடித்த நாய் நலம்" என்று ஒரு நாள் குறிப்பு எழுதினாயே, அதை வெட்டி எடுத்துத் தூறல் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். நீ அனுப்புவது உனக்குத் தெரியும். அது வராத நாளில் இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது.

பத்தரைக்கு அட்டவணையை மூடி மேலே அனுப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கணினி மூடாது, சிவப்பாக முறைக்கும். அதனால் வராத ஊர்களுக்கு நாங்கள் பூஜ்யம் போட்டு மூடுவோம். ஒன்பது வருடமாக இதுதான் பழக்கம். யாராவது ஒரு நிலையத்தில் நெட் இருக்காது, யாராவது லீவில் இருப்பார்கள், மறுநாள் வந்துவிடும், ஒன்றும் ஆகாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பதே நான்தான். "அது பசியில கத்துதும்மா, ஒரு முட்டைய வாயில போட்டா தூங்கிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை காலை பதினான்கு ஊர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. புயல் அமளியில் போன் மேல் போன். மணி பத்து இருபத்தெட்டு. பதினான்கு ஊர்களையும் ஒரே பிடியாகப் பிடித்து, பூஜ்யத்தை ஒரே இழுப்பாக இழுத்து நிரப்பிவிட்டேன். அதில் ஒன்பதாவது ஊர் உன்னுடையது. எனக்குத் தோன்றவே இல்லை. செவ்வாய்க்கிழமையும் இழுத்தேன். புதன்கிழமையும்.

இதைவிடக் கேவலம் அடுத்தது. சங்கின் மேசையில் படகும் மருந்தும் எண் பெரிதாக இருக்கும் ஊருக்கு முதலில் போகும். நாற்பது பேர் படுத்திருக்கும் ஊருக்கு முதல் படகு, இருபதுக்கு இரண்டாவது. பூஜ்யத்துக்குப் படகே கிடையாது. மூன்று நாளாக உன் ஊரை வரிசையிலிருந்தே தள்ளியது புயல் இல்லையடி, நான்.

அதைவிடவும் கேவலம் ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் உன் மகள் வாசலிலேயே நின்று, "அம்மாகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா பெரியம்மா" என்று கேட்பாள். நான் ஜம்பமாக, "அட்டவணையில பாத்தேன், உங்கம்மா ஊர்ல எல்லாம் பூஜ்யம். ஒரு தும்மல்கூட இல்ல" என்று சொன்னேன். நானே போட்ட பூஜ்யத்தை நானே படித்து நானே நம்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணும் நம்பிச் சாப்பிட்டது.

புதன்கிழமை இன்னும் சமர்த்தாக, அந்தப் பக்கத்தையே அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் வரியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பெரியம்மா, நாய்க்கடியும் பூஜ்யமா? அந்தத் தெரு நாய்ங்க ஒரு நாள்கூட லீவு போடாதுன்னு அம்மா சொல்லுமே."

மழைக்கு ஒதுங்கியிருக்கும் என்றேன்.

"சரி, குறிப்புல ஒண்ணுமே இல்லையே. அம்மா எப்பப் பெரியம்மா எதையும் சொல்லாம விட்டுச்சு?"

உன் அத்தான் கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். இது அம்மா அனுப்பியதில்லை, நான் நிரப்பியது என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்து என் கைப்பைக்குள் வைத்து, "நாளைக்கு என்ன போடப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுக் காலை ஒன்றும் போடவில்லை. பதினான்கு ஊர்களையும் காலியாக விட்டேன். கணினி சிவந்தது. பதினொன்றேகாலுக்கு இயக்குநரே என் மேசைக்கு வந்துவிட்டார். அமைச்சர் அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம். "வழக்கமா பண்றதப் பண்ணி மூடுங்கம்மா" என்றார். வழக்கமாகப் பண்ணுவதுதான் சார் தப்பு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் துடைப்பார். நேற்று துடைத்த துடைப்பில் பவரே குறைந்திருக்கும்.

"மூணு நாளா யாரு போட்டது?"

தூறல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஏதோ காற்றழுத்தத் தாழ்வு உருவாவதுபோல. சங்குகூடச் சத்தமில்லாமல் இருமினார். பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகக் கேட்பவள்போல் நான் கையைத் தூக்கினேன். "நான்தான் சார். பதினாலு ஊரு, பத்துக் கட்டம், மூணு நாளு. நானூத்தி இருபது பூஜ்யம்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

உங்கள் தங்கை அங்கே இருப்பதால்தானே இத்தனை துடிப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார். அவ அங்க இல்லேன்னா இன்னைக்கும் போட்டிருப்பேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மத்த பதிமூணு ஊர்ல யாரோட தங்கச்சி இருக்காளோ, எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்போதுதான் தூறல் எழுந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை ரேடாரில் எடுத்த மழை வரைபடத்தை என் அட்டவணைக்குப் பக்கத்தில் விரித்தார். நாட்டிலேயே அதிகமாகக் கொட்டிய இடம் கருஞ்சிவப்பாக இருந்தது. அதற்குள் என் பதினான்கு ஊர்களும் முட்டைக்குள் கரு மாதிரி உட்கார்ந்திருந்தன. "எங்க ஜாஸ்தி பெஞ்சுதோ அங்கதான் மேடம் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. மழையே மருந்தாயிடுச்சு போல" என்றார். இருபது வருடத்தில் தூறல் இடியாக இடித்தது நேற்று ஒரு நாள்தான்.

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனையே எடுத்து அமைச்சர் அலுவலகத்துக்குப் பேசினார். "பதினாலு ஊர்லேருந்து தகவல் இல்லைன்னு எழுதிக்குங்க. இல்லைங்க, நோய் இல்லைன்னு இல்ல. தகவல் இல்ல. ஆமா, நாங்க மூணு நாளா தப்பாச் சொல்லிட்டோம்" என்றார். "நாங்க" என்றார், கவனித்தாயா? போனை வைத்துவிட்டு, ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன்.

பிறகு சங்கு ஊத ஆரம்பித்தார். எண் இல்லாத ஊருக்குத்தான் இனி முதல் படகு என்று வரிசையைத் தலைகீழாக்கி, துறைமுகம், காவல் துறை, ராணுவம் என்று ஒருவரையும் விடவில்லை. கணினிக்காரரைக் கூப்பிட்டு, கட்டத்தில் "வரவில்லை" என்று போட வழி உண்டா என்று கேட்டேன். பத்தே நிமிஷத்தில் செய்துவிட்டார். இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை என்றால், "யாரும் கேக்கலையே மேடம்" என்கிறார். அவரைத் திட்ட வாயெடுத்து, என்னைத் திட்டிக்கொண்டேன்.

நேற்று இருட்டுவதற்குள் காவல் துறைப் படகுகள் ஆறு ஊரை எட்டிவிட்டன. இரண்டு ஊரில் நிஜமாகவே யாருக்கும் ஒன்றுமில்லை. உனக்கு மேற்கே இருக்கும் ஊரில் பேதி அறுபத்தொன்று. குடிநீர்க் குழாய்க்குள் கடல் தண்ணீரும் சாக்கடையும் கலந்துவிட்டதாம். நான் போட்டிருந்தது பூஜ்யம். அதை அழித்துவிட்டு அறுபத்தொன்று என்று அடித்தேன். இனி அடிக்கிற ஒவ்வொரு எண்ணும் யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னதாக இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களை எல்லாம் இன்று ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, நான் சொன்னது தப்பு, மறந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு பேரில் பதினாறு முடிந்தது. விளக்கக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். அதில் நெட் இல்லை, ஆள் இல்லை என்று ஒரு சாக்கும் இல்லை. என்னை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தாலும் அடிக்கட்டும். அதற்கு முன்னால் இந்த மேசையைச் சரிசெய்துவிட்டுத்தான் போவேன்.

உன் ஊர்தான் எல்லாவற்றிலும் தள்ளி இருக்கிறது. பாலம் போய்விட்டதால் கடல் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். அதனால் நாளைக் காலை.

பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள். கரைசல் பொட்டலம் மூவாயிரம், சலைன் இருநூற்று நாற்பது, குளோரின் மாத்திரை நாலு பெட்டி, ஒரு வயர்லெஸ் செட், அதை இயக்க ஒரு ஆள், கூட இரண்டு நர்சுகள், ஒரு டாக்டர். அந்த நர்சுகள் வந்ததும் நீ குறைந்தது ஆறு மணி நேரம் தூங்க வேண்டும். நீ தூங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நர்சுகளிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன், அடம்பிடித்தால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று. நீலப் பைக்குள் உன் மகள் எழுதியது தனியாக ஒட்டி இருக்கிறது. நான் படிக்கவில்லை. நான் படிக்காமல் விட்டது இந்த வாரத்தில் எத்தனையாவது அதிசயம் என்று நீயே எண்ணிக்கொள்.

படிவங்களும் வைத்திருக்கிறேன். எண் பெரிதாக இருக்கிறதே என்று தயங்காதே, எத்தனை பேர் படுத்திருந்தாலும் அத்தனையும் எழுது. இழப்பு இருந்தால் அதையும் எழுது. அது என் பொறுப்பில் எழுதப்படட்டும். அதைப் படிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

ஒவ்வொரு படிவத்திலும் கடைசி வரிக்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரியைப் பேனாவால் நானே சேர்த்திருக்கிறேன். "பொறுப்பு நர்ஸ்" என்று. அதற்கு எதிரே, நீ எப்படி இருக்கிறாய் என்று நீதான் எழுத வேண்டும். கம்பவுண்டர் எழுத வேண்டாம், டாக்டர் எழுத வேண்டாம். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது. என்னைத் திட்ட வேண்டும்போல் இருந்தால் இடம் போதாதே என்று பார்க்காதே, பின்பக்கமும் எழுது. உன் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று சின்ன வயதிலிருந்து கேலி செய்தவள் நான். இப்போது அந்தக் கிறுக்கலில் ஒரு வரி போதும் எனக்கு.

அதை வாங்காமல் திரும்பக்கூடாது என்று படகுக்காரரிடம் கையைப் பிடித்துச் சொல்லச் சொல்லி லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் அவர் காத்திருப்பார். அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடாதேடி.

உன் எழுத்தை எதிர்பார்த்து மேசையிலேயே இருக்கும்,
உன் அக்கா