நாத்தனார் முடிச்சுக்கு நீ வர வேண்டாம்

மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்க நானும் அப்பாவும் உன் தம்பி சரத்தும் சுகம். அங்க டெல்லியில நீயும் சுகம்தானேன்னு கேட்டு எழுதுறதுதான் முறை, எந்த வாயால கேக்குறது, சுகமில்லைன்னு நீதான் போன வாரம் போன்ல ஒப்பாரி வச்சிட்டியே. பதில் சொல்லாம வச்சுட்டேன்னு கோவிச்சிருப்ப. பக்கத்துல சரத்துக்குப் பொண்ணு கொடுக்குற சம்பந்தியம்மா உக்காந்து காபி குடிச்சிக்கிட்டு இருந்தாங்க, நான் என்னத்தச் சொல்றது. வாட்ஸ்அப்ல அனுப்பலாம்னா என் போனு பாதி நேரம் சரத்து கையிலதான் இருக்கு. அதான் இந்தக் காகிதம். துறையூர்ல கூரியர் கொடுத்தா அந்தக் கடைக்காரன் சம்பந்தி வீட்டுக்கு ஒரு வகையில பங்காளி, உறையைத் தடவிப் பாத்தே கதை கட்டிடுவான், அதனால துணி எடுக்கத் திருச்சி போறப்ப சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல போடுறேன். படிச்சதும் கிழிச்சிடு.

கல்யாண வேலை தடங்கல் இல்லாம நடக்குது. ஸ்ரீரங்கத்துல மண்டபம் பேசியாச்சு, தை மாசம் முகூர்த்தம், அது உனக்குத் தெரிஞ்சதுதான். பொண்ணுக்கு அரக்கு கலர்ல கூறைப்புடவை எடுத்தாச்சு, அவ நிறத்துக்கு அம்சமா இருக்கும். அப்பாவுக்கு முட்டி வலி விட்டபாடில்ல, தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு வீடே நாறுது. உனக்கும் மயில் கழுத்து கலர்ல ஒரு பட்டு எடுத்து வச்சிருந்தேன். அதை உன் சித்தப்பா மக வைஷ்ணவிக்குக் கொடுத்துட்டேன், ஏன்னு கீழ சொல்றேன்.

நீ சொன்னதை நான் நம்பாம இல்ல. நீ நர்ஸு வேலை பாக்குற வார்டுல யாருக்கோ போட்ட ஊசி உன் கையில குத்துச்சு, அப்ப அதை நீ பெருசா எடுத்துக்கல, அதுல ஹெபடைட்டிஸ் சின்னு ஒரு கிருமி கல்லீரல்ல போய் உக்காந்துடுச்சு, நீ சோர்ந்து சோர்ந்து படுத்ததும் காரணமில்லாம அழுததும் அந்தக் கிருமியோட சேர்ந்து வர்ற மனச்சோர்வுன்னு உங்க டாக்டர் சொல்றாரு, சரி. நானும் சும்மா இருக்கல. உறையூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட, யாரோ தெரிஞ்ச பொண்ணுக்குன்னு பொய் சொல்லிக் கேட்டேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க. ரத்தத்துலதான் பரவுமாம், தொட்டா ஒட்டாதாம், ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாதாம், மூணு மாசம் மாத்திரை போட்டா அநேகமா அடியோட போயிடுமாம். இந்த நோய் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு மனசும் விழுந்துடும், அந்தப் பொண்ணைத் தனியா மட்டும் விட்டுடாதீங்கம்மான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நல்ல பொம்பளைதான். ஆனா சம்பந்திக்குப் பதில் சொல்லப் போறது அவங்களா நானா? போன வருஷம் முசிறிக்காரங்க உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருந்தியே, திமிரு புடிச்சவன்னு ஏசினேன். திமிரு இல்ல, நோய்தான்னு இப்பத் தெரியுது, தெரிஞ்சு என்ன பண்ண, எந்திரிச்சுப் போனவங்க திரும்பி வரப் போறாங்களா. புத்தி தெளியணும்னு குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் உன் மூஞ்சியில தீர்த்தம் அடிச்சதையே ஊரு பாத்துட்டு, அமிர்தம் மகளுக்கு மூளை சரியில்லைன்னு பேசுச்சு. இப்ப அதுமேல இது. ஒரு நோய்னா எப்படியாச்சும் மூடி மறைச்சிடுவேன், நீ ரெண்டு கொண்டு வந்திருக்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாத்தனார் முடிச்சு நீ போட வேண்டாம். தம்பி தாலியில முதல் முடிச்சு போட்டதும் மத்த ரெண்டும் அக்கா போடணும், அது உன் உரிமை, இல்லைங்கல. ஆனா உன்கூட வேலை பாக்குற நர்ஸு நம்ம உப்பிலியபுரத்துக்காரிதானே, அவ வாய் சும்மா இருக்குமா? என்னைக்காச்சும் வெளிய வரும். அப்புறம் வர்ற மருமகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், ஒரு கர்ப்பம் தங்காமப் போனாலும், அந்த நோய்க்காரி கை கழுத்துல பட்டுச்சுல்லன்னு அவங்க வீட்டுல சொல்லுவாங்க. முடிச்சு போடல, ஒரு ஓரமா வந்து நின்னுட்டுப் போறேன்னு கெஞ்சாத. கூடப் பொறந்த அக்கா கீழ நிக்கும்போது இன்னொருத்தி மேடையில நாத்தனார் விளக்கைப் பிடிச்சா ஊரே கேக்கும். நீ வரவே வேண்டாம், வைஷ்ணவி போடுவா. எம்பொண்ணு போடலைன்னா நான் மேடை ஏற மாட்டேன்னு அப்பா குதிச்சாரு. அப்ப நீங்களே வீடு வீடாப் போய் உங்க பொண்ணுக்கு என்ன வியாதின்னு விளக்கம் சொல்லிட்டு வாங்கன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு.

சரத்துக்கு ஒண்ணும் தெரியாது. அக்காவுக்கு லீவு இல்லையாம், வரலைன்னு அவளே சொல்லிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். என்னை இடுப்புல தூக்கி வளத்தவளுக்கு என் கல்யாணத்தைவிட டூட்டி பெருசாப் போச்சான்னு கேட்டுட்டு, சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டான். கோவமாவே இருக்கட்டும், கோவக்காரன் தோண்டித் தோண்டிக் கேக்க மாட்டான். அவன் உனக்குப் போன் பண்ணுவான், நீயும் அதையே சொல்லு. அழுது தொலைச்சுடாத. கொஞ்சம் சலிச்சுக்கிட்டே பேசு, அவனே வச்சிடுவான். என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைப்ப, நினைச்சுக்க. பெத்த வயிறு எரியத்தான் செய்யுது, அதுக்காக ரெண்டு புள்ளைங்க வாழ்க்கையும் நாசமாப் போறதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா.

மாத்திரையை நேரத்துக்குப் போடு, எண்ணெய்ப் பலகாரம் தின்னாத, குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. ரங்கநாதர் துணை இருப்பாரு, நீ நூறாயுசு நல்லா இருக்கணும்.

ஒண்ணு மறந்துட்டேன். இருந்து என்ன ஆகப் போகுது, போய்ச் சேந்துடலாம் போல இருக்குன்னு அப்பாகிட்ட தனியாச் சொன்னியாமே. மனுஷன் மாட்டுக் கொட்டகையில உக்காந்து அழுதாரு, நான்தான் அதட்டி எழுப்பினேன். அந்த மாதிரி எதுவும் பண்ணித் தொலைக்காதடி. வீட்டுல ஒரு சாவு விழுந்தா நல்ல காரியம் ஒரு வருஷம் தள்ளிப் போயிடும், பொண்ணு வீட்டுக்காரங்க அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ம. அமிர்தம்