செல்லோவுக்கு எதிரே ஒரு கோடு

அன்புள்ள அத்தான்,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. எழுதி என்ன செய்ய? நீங்கள் இறந்துபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. சாந்தி அக்கா சென்னையில் இருக்கிறாள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று போனில் சொல்கிறாள். நான் அபுதாபியில் அதே ஃப்ளாட்டில், அதே வங்கி வேலையில். ஆனால் இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல் உங்களிடம் கொட்டுகிறேன். நாலு பேர் காதிலும் விழட்டும் என்று பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

நம் வாத்தியக் குழுவின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். பளபளவென்று தாள், அட்டையில் மார்கரெட் அம்மாவின் ஹார்ப்சிகார்ட், அந்தப் பழங்காலப் பியானோ. லீவில் ஊருக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை, அது என் புத்தி. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினாள். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"எங்கடா அவரு?" என்று கேட்டாள். "போட்டோல கூடக் காணோமே."

அவள் கையிலிருந்து வாங்கி அப்போதுதான் நானும் படித்தேன், அத்தான்.

பள்ளிக்கூட ஆசிரியை மார்கரெட் தன் வீட்டு ஹாலில் நான்கு பேரைச் சேர்த்து இந்தக் குழுவை ஆரம்பித்தார் என்று எழுதியிருக்கிறது. நான்கு பேரா? அப்படியானால் ஐந்தாவது நாற்காலியில் அந்தப் பெரிய செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்தது யார்? சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். கீபோர்டு வந்து அந்தப் பிழைப்பு போனதும் இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக வந்து சேர்ந்தீர்கள். விசா ஏற்பாடு செய்தவன் நான். அந்த நாலு பேரில் ஒருவனாக வயலின் வாசித்த நான்தான் அந்த ஹாலுக்கு உங்களைக் கூட்டிப்போனவனும். அன்றைக்கு நீங்கள் வில்லை எடுத்து நாலு வரி வாசித்ததும் மார்கரெட் தன் வாசிப்பை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு வார்த்தைகூடப் புத்தகத்தில் இல்லை.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் இசையை அந்தக் காலத்து முறையிலேயே வாசிப்போம் என்று முடிவானதும் எல்லோரும் கம்பியைக் கழற்றி ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு மாட்டினோம், சுருதியை அரைச் சுரம் இறக்கினோம். முதல் வாரமே விழி பிதுங்கிவிட்டது. வெளியே கடற்காற்றின் ஈரம், உள்ளே ஏசியின் வறட்சி. நரம்பு பத்து நிமிஷம் ஒரு நிலையில் நிற்காது. வாத்தியங்கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே அரங்கத்துக்குள் இருக்க வேண்டும், அதன் பிறகு ஏசி அளவை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டது நீங்கள். "மொதல்ல ஏசி, அப்புறம்தான் மியூசிக்" என்பீர்கள். மார்கரெட்டே அதைத் தமிழில் சொல்லப் பழகிவிட்டார். புத்தகத்தில் அது 'குழு வகுத்துக்கொண்ட நெறிமுறை' என்று கட்டம் கட்டி வந்திருக்கிறது. குழு வகுத்ததாம். எந்தக் குழு?

இதாவது போகட்டும். ஒரு ஓட்டல் அரங்கத்தில் இடைவேளையில் ஏசி நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லா வயலினும் தொய்ந்துபோய், உங்கள் பக்கத்து நாற்காலி விஜி மேடம் அழாத குறை. ஓட்டல்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினீர்கள். அங்கிருந்த மலையாளி வாட்ச்மேன் தடுத்தபோது, "பாய், நான் மெக்கானிக்தான், வழி விடு" என்றீர்கள். இருபது நிமிஷத்தில் காற்று வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாக்கிக் கச்சேரி முழுவதையும் வாசித்தீர்கள். வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் கிரீஸ் அப்படியே இருந்தது. 'அரங்க நிர்வாகத்தின் துரித நடவடிக்கையால் நிகழ்ச்சி தொடர்ந்தது' என்று புத்தகம் சொல்கிறது. படித்தபோது அதைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது.

அபுதாபி திரும்பிய மறுநாளே விஜி மேடம் வீட்டுக்குப் போனேன். அவர்தான் குழுவின் செயலாளர், புத்தகத்தைத் தொகுத்தவர். காபி கொடுத்தார். குடிக்கவில்லை.

"ரவி, நாங்க வேணும்னு விடல," என்றார். "பழைய ப்ரோக்ராம் ஷீட் அத்தனையும் எடுத்து வெச்சுதான் லிஸ்ட் போட்டோம். செல்லோவுக்கு நேரா எதுலயும் பேரு இல்ல, வெறும் கோடுதான் இருக்கு. நாங்க நாலஞ்சு பேர் மட்டும் ஞாபகத்துல சொன்னா கமிட்டி ஒத்துக்குமா? ஆதாரம் வேணாமா?"

"நீங்க பக்கத்து நாற்காலில உக்காந்து வாசிச்சீங்களே மேடம். உங்க கண்ணு ஆதாரம் இல்லையா?"

அவர் கீழே பார்த்துக்கொண்டு, "அடுத்த பதிப்புல பாக்கலாம்," என்றார்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று. கேட்டதில்லை, சொல்லியிருக்கிறேன்.

அந்த ப்ரோக்ராம் ஷீட்டுகளை டைப் அடித்தவன் யார்? நான். ஒர்க்‌ஷாப் விசாவில் இருப்பவர் மேடையில் வாசிக்கிறார் என்று உங்கள் கஃபீலுக்கு, விசா கொடுத்த முதலாளிக்கு, தெரிந்தால் ஊருக்கு ஏற்றிவிடுவான் என்று முதல் கச்சேரியின்போது பயந்தேன். விசா வாங்கிக் கொடுத்த எனக்கும் சேர்த்துத்தான் பயந்தேன். அதனால் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு கோடு போட்டேன், போட்டோவிலும் உங்களை நிற்கவிடவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். "விடு மாப்ள. இந்த மியூசிக்ல செல்லோவோட கீழ் சுரம் ஓடிட்டே இருக்கணும். அது நின்னா இவங்க அத்தன பேரும் நிப்பாங்க. பேரு எதுக்கு?" என்றீர்கள். நீங்கள் அன்றைக்கு என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உங்கள் மேலும் கோபம் வருகிறது.

பிறகு ஒர்க்‌ஷாப் கைமாறியது. புது முதலாளி மேடையில் வாசிக்க அனுமதிக் கடிதமே கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் ஆபீஸ் வரைக்கும் வந்தீர்கள். நீங்கள் எதையும் கேட்பவர் இல்லை. அன்றைக்குக் கேட்டீர்கள்.

"இப்பப் போடலாம்ல மாப்ள?"

ஷீட் அச்சுக்குப் போயிருந்தது. திருப்பி வாங்க ஒரு போன் போதும். எனக்குச் சோம்பல். "அடுத்த தடவை பாக்கலாம் அத்தான்," என்றேன். அடுத்த தடவையும் பழைய ஷீட்டைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினேன். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் ஷீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பீர்களே, என்ன நினைத்துக்கொண்டு மடித்தீர்கள்?

விஜி மேடத்தின் மேல் என் கோபம் குறையவில்லை. ஆனால் பாதியை நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் கேட்ட ஆதாரம் நான்தான், அத்தான். அந்தக் கோட்டைப் போட்டது என் கை. எந்தப் பெயரை எடுத்துவிட்டுப் போட்டேன், எதற்குப் பயந்து போட்டேன், பயம் தீர்ந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். அக்காவுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. இதுவரை அவளிடமிருந்து போன் வரவில்லை. இனி அவள் என் முகத்தில் விழிக்காமலே போகலாம். அதற்கும் நான் தயார்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அந்தப் புத்தகம் திருத்தி அச்சாகும் வரை அந்த மேடையில் நான் ஏறமாட்டேன். அவர்கள் எப்போது அச்சடிப்பார்களோ, எனக்குத் தெரியாது. அதனால் முதலில் இங்கே அச்சில் வரட்டும்.

செல்லோ: மா. ஞானசேகரன், முதல் நாளிலிருந்து.

இப்படிக்கு,
இதை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது என்று தெரிந்தும் எழுதாமல் இருந்த
உங்கள் மச்சினன்,
ரவி