காணாமல் போன மைனஸ்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் எடுக்கிறான், "அவ குளிச்சிட்டிருக்கா" என்கிறான். ஆறு வருஷமாகவா ஒரு மனுஷி குளிப்பாள்? அதனால்தான் காகிதத்தில் இறங்கிவிட்டேன்.

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்காலில் வலி. அதைப் பற்றிப் பேசும் வாய்க்கு ஒரு வலியும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் பட்டறையின் பழைய கம்ப்யூட்டரை இந்த மாதக் கடைசியில் நிறுத்துகிறார்கள். தொண்ணூறாயிரம் பேருடைய கண்ணாடிப் பவர் புது மெஷினுக்குப் போக வேண்டும். எல்லாம் நீங்கள் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஃபைல். நீங்கள் வேலையை விட்ட பிறகு அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படியே தூக்கிப் புது மெஷினில் போட்டேன். பெயர், முகவரி எல்லாம் அழகாக வந்தன. பவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டமும் கொக்கியுமாக ஏதோ வருகிறது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கம்ப்யூட்டருக்கு ஜுரமா?" என்கிறார்.

இன்னும் இருபத்தேழு நாள். முடியவில்லை என்றால் என் வேலை போய்விடும். உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை அண்ணி.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

வாலு,

கோபமாக இருந்தாலும் உன்னை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வரவில்லை.

நான் குளிக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வரும் போனை எடுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உன் அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொய், அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கம்ப்யூட்டருக்கு ஜுரமெல்லாம் இல்லை. பவரை நான் பேக் செய்து வைத்திருக்கிறேன், COMP-3. டிஸ்கில் இடம் குறைச்சலாக இருந்த காலம் அது. ஓர் எழுத்து உட்காரும் இடத்தில் இரண்டு இலக்கத்தை நெருக்கி உட்கார வைப்போம், பஸ்ஸில் ஒரு சீட்டில் இரண்டு பேர் மாதிரி. கடைசிச் சீட்டில் ஓர் இலக்கமும், பக்கத்தில் ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்ற குறியும் இருக்கும். புது மெஷின் அதை எழுத்து என்று நினைத்துப் படித்து உளறுகிறது. பழைய மெஷினிலேயே பிரித்துவிட்டு அனுப்பு. இன்னொரு ஃபைலில் அதே அளவுக்குச் சாதாரண எண்ணாக ஓர் இடம் வை, COMP-3 என்று எழுதாதே. பழையதிலிருந்து புதியதற்கு MOVE கட்டளை போடு. தானாகப் பிரிந்துவிடும்.

உன் வேலை போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்காதே. அறுபது ஜோடி லென்ஸைத் தப்பாக அரைக்க வைத்தவள் என்று பட்டறையில் பெயர் வாங்கினேன். "கவனமில்லாத பொண்ணு" என்று அத்தையிடம் வீட்டில் பெயர் வாங்கினேன். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்.

அத்தை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணி

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

பிரிந்துவிட்டது! உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

முதலில் கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. மைனஸ் 2.75 உள்ள ஆளுக்குப் புள்ளியில்லாமல் 027N என்று வந்தது. ப்ளஸ் 1.25 உள்ளவருக்கு 012E. எண்ணுக்கு வால் முளைத்த மாதிரி ஆளுக்கு ஓர் எழுத்து. இதைப் பார்த்தால் மேஸ்திரி மறுபடி ஜுரம் என்பாரே என்று யோசித்தேன். எண்ணின் அளவைச் சொல்ல நீங்கள் PIC S99V99 என்று எழுதும் இடத்தில், அந்த S-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தேன். அடடா! 0275, 0125 என்று எல்லாம் குளித்துத் தலைவாரியது போல வந்து நிற்கின்றன. மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தார், அதுவும் சொந்தச் செலவில்.

திங்கட்கிழமை மொத்தத்தையும் ஓட்டிவிடுவேன். பார்த்தீர்களா, நானும் தேறிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 16

அடி வாலு,

உன் அண்ணனை இந்த நிமிஷமே போன் செய்து "ஓட்டாதே" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். காரணத்தை அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை, உனக்கு எழுதுகிறேன்.

அந்த S இருந்தால்தான் அந்த எண்ணுக்கு ப்ளஸ், மைனஸ் உண்டு என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டால் MOVE செய்யும்போது மைனஸ் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். மைனஸ் போட வேண்டிய கிட்டப்பார்வைக்காரனுக்கெல்லாம் ப்ளஸ் லென்ஸ் போகும். அதைப் போட்டுக்கொண்டு அவன் கம்பத்தைப் பார்த்து, "வாங்க மாமா" என்பான்.

நீ பார்த்த வால் எழுத்து தப்பே இல்லை. கடைசி இலக்கமும் குறியும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் தெரியும். S-ஐத் திரும்பப் போட்டு, பக்கத்தில் SIGN LEADING SEPARATE என்று எழுது. குறி தனியாக முன்னால் வந்து நிற்கும், -0275 என்று. ஓர் எழுத்து நீளம் கூடும், பார்த்துக்கொள்.

கடிதத்தை இத்துடன் முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் பிரித்தேன். அந்த அறுபது ஜோடியும் இப்படித்தானே ஆனது? மைனஸ் எல்லாம் ப்ளஸ். அப்போது என் நிரலை எத்தனை தடவை படித்தேன், தப்பே கிடைக்கவில்லை. கிடைக்காத தப்புக்குத்தான் தலைகுனிந்து வெளியே வந்தேன். அரைக்கும் ஆட்களுக்குச் சீட்டு அச்சடிக்கும் நிரல் ஒன்று உண்டே, அதை யாரும் தொடவில்லை என்று நம்பி நான் திறந்தே பார்க்கவில்லை.

அதைத் திற. அதில் S இருக்கிறதா? உள்ளதை உள்ளபடி எழுது.

அண்ணி

மார்ச் 22

அண்ணி,

S இல்லை. அதை எடுத்தது நான்தான்.

சீட்டில் வால் எழுத்து வருகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் எடுத்தேன். மறுநாள் அறுபது ஜோடி வீணானது. "யாரு கை வெச்சது?" என்று முதலாளி கத்தினார். "அண்ணி எழுதினதுதான்" என்றேன். நான் S-ஐ எடுத்ததால்தான் வந்தது என்று சத்தியமாக எனக்கு அன்று தெரியாது. ஆனால் முந்தின நாள் கை வைத்தவள் நான் என்பது தெரியும். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாய்தான் உங்களை வெளியே அனுப்பியது. அன்றிலிருந்து சீட்டைக் கையால்தான் எழுதுகிறார்கள், அந்த நிரலை யாரும் திறக்கவே இல்லை.

அண்ணன் போன் செய்து, "ஓட்டாதேன்னு சொல்லச் சொன்னா, எதைன்னு கேக்காதே" என்றான். ஓட்டவில்லை. நீங்கள் எழுதியபடி மாற்றி, நூறு பேரைக் கண் டாக்டர் எழுதிய பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நேற்றுதான் ஓட்டினேன். எல்லா மைனஸும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

பிறகு டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன், அறுபது ஜோடி என் வேலை என்று. முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு மேல போய்ப் பழியப் போட்டுட்டோமே" என்றார். என் வேலை என்னாகும் என்று இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவள நான் என்னென்ன பேசினேன்!" என்று அழுதாள்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் நியாயம்தான்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 26

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு உன் மேல் வந்த கோபத்தில் வீடு முழுக்கப் பெருக்கினேன், ஏற்கனவே பெருக்கிய வீட்டை. ஆறு வருஷமாக ஒரு கடிதம் எழுதினால்கூட மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டாயே! உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீ தப்பு பண்ணிருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "அதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

பட்டறையில் எல்லார் முன்னாலும் நின்று சொன்னாயே, அது லேசு இல்லை. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படியே இருக்கிறது.

எழுதிப் பார்த்தேன், நாலு பக்கம் திட்டியும் ஆறவில்லை. கிழித்துப் போட்டேன். இதெல்லாம் நேரில் திட்ட வேண்டியது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் உன் அண்ணனும் வருகிறோம். உன்னை நிதானமாகத் திட்டி முடிக்க எனக்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும். அத்தையிடம் சொல்லி எங்களுக்குப் படுக்கை போட்டு வை.

அண்ணி