கல்லறை மேட்டில் மட்டும் கிடைக்கும் சிக்னல்

அனுப்புநர்
ஸாஃபிரா காராமனோவா, வயது 79,
க/பெ. வெல்கோ காராமனோவ்,
கோர்னா புக்வா கிராமம், ரொடோப்பி மலை, பல்கேரியா.

பெறுநர்
உயர்திரு வட்டத் தலைவர் அவர்கள்,
ஸ்ரெப்ரினா வட்ட அலுவலகம்.

பொருள்: என் கணவரின் இதயக் கருவிக்கான பெட்டியை மாற்றித் தரவும், அதுவரை பழைய மொபைல் சிக்னலைத் திரும்ப விடவும் வேண்டுவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு புகையிலைக் காட்டுக்குப் போனவள். ஆனாலும் இந்த மனுவை யாரிடமும் எழுதி வாங்கவில்லை.

1. என் கணவரின் நெஞ்சுக்குள் துடிப்பைச் சீராக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அதில் பதிவதை, அவர் பக்கத்தில் வைக்கும் சிறு பெட்டி மொபைல் சிக்னல் வழியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அனுப்பி முடித்தால் பச்சை விளக்கு எரியும். செப்டம்பரிலிருந்து வீட்டில் எரியவில்லை.

2. பெட்டியைப் புனித நிக்கோலா படத்துக்குப் பின்னால் வைத்தது நான்தான். புனிதரின் காவலில் இருக்கட்டும் என்று வைத்தேன். படத்தின் வெள்ளித் தகடு சிக்னலை மறைக்கிறது என்று, எங்கள் புகாரைப் பார்க்க வந்த டெக்னீஷியன் எழுதிக்கொண்டு போனார். தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றே ஜன்னலுக்கு மாற்றினேன், அப்போதும் எரியவில்லை. அந்தப் புகாருக்குப் பதிலாக வந்த தங்கள் கடிதமோ, 'வீட்டார் தவறு, ஊரில் சிக்னல் முழுமையாக உள்ளது' என்று முடித்துவிட்டது.

3. சிக்னல் உள்ளது, உண்மை. ஆனால் புது வகை. செப்டம்பரில் எங்கள் கோபுரத்தில் பழைய வகையை நிறுத்திவிட்டார்கள். செல்போன்கள் புதியதைப் பிடித்துக்கொண்டன. பெட்டிக்குப் பழையது மட்டுமே தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் க்ரெமெனா சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது.

4. அடுத்த பள்ளத்தாக்குக் கோபுரத்தில் பழையது இன்னும் ஓடுகிறது. அது எங்கள் ஊரில் எட்டுவது கல்லறை மேட்டில் மட்டும். செவ்வாய்தோறும் அவரைப் பெட்டியோடு டிராக்டரில் ஏற்றி அங்கே கொண்டுபோகிறோம். எங்கள் இருவர் பெயரும் பிறந்த ஆண்டும் வெட்டிய கல், ஊர் வழக்கப்படி, அங்கே முன்கூட்டியே நிற்கிறது. அதில் சாய்ந்துதான் பச்சைக்குக் காத்திருக்கிறார். "ஏ ஸாஃபிரா, வந்தது வந்தாச்சு, என்னை இங்கயே விட்டுட்டுப் போயேன்டி, டீசலாவது மிச்சம்" என்கிறார். "வாயைக் கழுவுங்க" என்பேன். டிராக்டர் ஓட்டும் பெய்கோ சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஐயா.

5. டிசம்பரில் பனி விழுந்து இரண்டு செவ்வாய் மேடு ஏற முடியவில்லை. மூன்றாம் செவ்வாய் விளக்கு எரிந்த கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: பத்து நாளாகத் துடிப்பு தடம் மாறியிருக்கிறது, உடனே கொண்டுவாருங்கள் என்று. பிழைத்துவிட்டார். அந்தப் பத்து நாளும் அவர் என் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

6. பள்ளத்தாக்குக் கோபுரத்திலும் மார்ச் முதல் தேதி பழையதை நிறுத்துவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

ஆகவே அதற்குள் புதிய சிக்னலைப் பிடிக்கும் பெட்டி கிடைக்க ஆவன செய்யுமாறும், அதுவரை எங்கள் கோபுரத்தில் பழையதைத் திறந்துவிடச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அலுவலகத் தெருவில் பழைய சிக்னல் நன்றாக எடுக்கிறது. போன வாரம் பெட்டியோடு வந்து அதில் சிக்னல் கோடுகளைப் பார்த்துவிட்டேன். பதில் வராவிட்டால், பிப்ரவரி முதல் திங்கள் காலை என் கணவரையும் அவர் படுக்கையையும் தங்கள் வராந்தாவுக்குக் கொண்டுவருவேன். இது மிரட்டல் அல்ல. அங்கே படுத்தால் அவர் துடிப்பு ஆஸ்பத்திரிக்குக் கேட்கும். ஓரமாகத்தான் இருப்போம், வருவோர் போவோருக்கு இடைஞ்சல் செய்யமாட்டோம்.

இடம்: கோர்னா புக்வா
நாள்: ஜனவரி 14

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஸாஃபிரா காராமனோவா