கிரெனடாவின் நாலாம் பக்கம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. இரண்டு லிஃப்டில் ஒன்றுதான் ஓடுகிறது.

என் கட்டுரையின் நாலாம் பக்கத்தை வெட்டிவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. முதியோர் சங்க ஆண்டு விழா மலருக்குக் கரீபியன் கடலிலுள்ள கிரெனடாத் தீவின் அரசியல் வரலாறு ஆறு பக்கம் கொடுத்தேன். பிழை பார்க்க இன்று வந்தது ஐந்து பக்கம். மூன்றாம் பக்க முடிவில் பிரதமரை அவருடைய கட்சிக்காரரே வீட்டுக்காவலில் வைக்கிறார்கள். திருப்பினால் அமெரிக்கப் படை வந்திறங்குகிறது. பிரதமர் செத்தது எப்படி? வாசிக்கிறவர்கள் அமெரிக்கன் கொன்றான் என்றுதான் நினைப்பார்கள். பொய். கோட்டைக்குள் சுவரோரம் நிறுத்திச் சுட்டது அவருடைய தோழர்கள். அமெரிக்கன் வந்தது ஆறு நாள் கழித்து.

போதாததற்கு ஒரு படம். கீழே ‘கிரெனடாக் கோட்டை’ என்று எழுத்து. மேலே யாழ்ப்பாணக் கோட்டை!

மலர் ஆசிரியருக்கு மூன்று தரம் ஃபோன். எடுக்கவில்லை. பெயர் சிவபாதம். ஊரில் பள்ளி அதிபராக இருந்தவர், இங்கே கனடாவிலும் எல்லாருக்கும் ‘அதிபர்’தான்.

இரவுக்குப் புட்டு. ஒரு ஆளுக்கு அளந்து குழைக்க இன்னும் வரவில்லை. மனைவி பூமணி போய் நாலு வருடம். மிச்சம் ஃபிரிட்ஜில்.

ஒக்டோபர் 15, புதன்

வெயில். ஆனால் குளிர். பிரஷர் குளிசை நாலுதான் இருக்கிறது.

அதிபர் காலையில் எடுத்தார்.

“அண்ணை, பக்கம் காணாது. அதான் கொஞ்சம் குறைச்சனாங்கள்.”

“காணாதெண்டால் சங்கத் தலைவற்றை வாழ்த்துச் செய்தியைக் குறையுங்கோ. மூண்டு பக்கம் கிடக்கு. அதில ரெண்டு பக்கம் அவற்றை படம்.”

சிரித்தார். படத்தைப் பற்றிக் கேட்டேன்.

“கோட்டை எண்டால் கோட்டைதானே அண்ணை. ஒல்லாந்தன் கட்டினால் என்ன, பிரெஞ்சுக்காரன் கட்டினால் என்ன. ஆர் போய்ப் பாக்கப்போயினம்?”

கடைசியில் அந்த வார்த்தை: “படிச்ச ஆக்கள் நாலு பேர் இருந்துதான் திருத்தினது.”

நான் எட்டாம் வகுப்பு. மிசிசாகாவில் பிஸ்கட் தொழிற்சாலை, இருபத்திரண்டு வருடம். பஸ்ஸில் போகவர அகராதியோடு இங்கிலீஷ் புத்தகம் வாசித்தவன். படித்த நாலு பேரில் ஒருவர் வரைபடத்தில் கிரெனடாவைத் தொட்டுக் காட்டட்டும், பேனாவை வைத்துவிடுகிறேன்.

‘ஏன் உந்தத் தீவு?’ என்று கேட்காத ஆள் இல்லை. யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதலாம். எண்பத்து மூன்று. கொழும்பில் கலவரத்தில் வீடு எரிந்து, கப்பலில் யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம். ஒரு சின்னத் தீவில் வல்லரசுப் படை இறங்கியது என்று வானொலியில் செய்தி. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கச் சந்தோஷம். “பாத்தியளே, இனி எங்களுக்கும் இந்தியா வரும்.” நானும் கை தட்டினேன். அந்தத் தீவில் யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை வருட வாசிப்பு.

ஒக்டோபர் 17, வெள்ளி

உடுப்புத் துவைக்கும் அறை. இரண்டு மெஷின் பழுது. மேவிஸ் இருந்தார். என் மாடிதான், நாலு கதவு தள்ளி. கிரெனடாக்காரி. என்னைவிட இரண்டு வயது குறைவு, நடை என்னைவிட வேகம்.

“புத்தகம் வந்துவிட்டதா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவருடைய அண்ணன் டெல்வின். பஸ் டிரைவர். பிரதமர் செத்த அன்று சனம் திரண்டு அவரை வீட்டுக்காவலிலிருந்து மீட்டுக் கோட்டைக்குக் கூட்டிப்போனது. டெல்வினின் பஸ்ஸும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. தீவின் சொந்தப் படையே சுட்டது. சனம் மதில் மேலிருந்து குதித்தது. பஸ் மறுநாள் கிடைத்தது. டெல்வின் கிடைக்கவில்லை. உடலும் இல்லை. பிரதமரின் உடலே இன்றுவரை கிடைக்கவில்லை, டிரைவரை யார் தேடுவது?

அந்தப் பெயர் என் மொழியில் அச்சில் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேறெங்கும் அச்சில் வந்ததில்லையாம். அது இருந்தது நாலாம் பக்கத்தில்.

ஐந்தாம் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். கியூபாக்காரர் விமான நிலையம் கட்டுகிறார்கள். சோவியத் போர்விமானம் இறங்கத்தான் அது என்று வாஷிங்டன் சொல்கிறது. படை இறங்கியதும் மொஸ்கோ அறிக்கை விட்டது, கப்பல் விடவில்லை. பிறகு அதே ஓடுபாதையை அமெரிக்கனே முடித்துக்கொடுத்தான். இப்போது இங்கிருந்து வெயில் காயப் போகிறவர்கள் அதில்தான் இறங்குகிறார்கள். வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மேவிஸின் தாய் தண்ணீர் கொடுத்தாராம். மகனைக் கொன்றவர்களைப் பிடிக்க வந்தார்கள் என்று நினைத்து.

மேவிஸ் சாதிக்காய் இரண்டு தந்தார், அவர்கள் தீவில் விளைந்தது. தேநீரில் சுரண்டிப் போட்டேன். குடிக்க முடியவில்லை. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

காற்று. டெல்வின் போன நாள்.

மகன் விட்பியிலிருந்து ஃபோன் எடுத்தான், ஞாயிறு பத்து மணி வழக்கம்.

“அப்பா, ஜஸ்ட் லெட் இட் கோ. சங்கத்து மலரை ஆர் வாசிக்கினம்?”

“நான் வாசிக்கிறன்.”

பிறகு, “மருந்து போட்டியளே?” ஓம் என்றேன்.

பிற்பகல் பஸ் பிடித்துச் சங்க மண்டபம். அதிபர் தனியே மடக்குக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கினேன், அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

“உள்ளதைச் சொல்லுங்கோ. பக்கம் காணாதெண்டோ வெட்டினது?”

“இல்லை அண்ணை. உந்தப் பக்கத்தைப் போட்டால் சனம் என்ன நினைக்கும்?”

“கிரெனடாவில என்ன நடந்ததெண்டு நினைக்கும்.”

“எங்கடை இயக்கங்களைச் சொல்றியள் எண்டு நினைக்கும். ஆர் ஆரைச் சுட்டது எண்டு தொடங்கும். எல்லாப் பக்கத்து ஆக்களும் இஞ்ச ஒரே மேசையில இருந்து வடை சாப்பிடினம். அது குழம்பும்.”

“எங்கடை ஆக்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதேல்லையே?”

“அதுதான் அண்ணை பயமாக் கிடக்கு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ர தம்பியைச் சிங்கள ஆமி சுடேல்லை. எங்கடை இயக்கப் பெடியள்தான். அம்மாவுக்கு ஆமி எண்டுதான் சொன்னனாங்கள். சாகுமட்டும் அவ ஆமியைத்தான் திட்டினவ.”

இருபது வருடமாகப் பழக்கம். தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. பெயரென்ன என்று கேட்டேன். அவர் லைட்டை நிறுத்தினார். “கதவு பூட்டவேணும் அண்ணை.”

பஸ் வர அரை மணி.

மேவிஸின் கதவு திறந்திருந்தது. டெல்வின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. பக்கத்தை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “எங்கள் ஊரிலும் அப்படித்தான். சுட்டவன் வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு. ஞாயிறு கோயிலில் இருப்பதும் ஒரே வாங்குப் பலகை. அமெரிக்கனைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசுவார்கள்” என்றார்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 20, திங்கள்

மேகம். தீபாவளி. மகன் குடும்பம் ஆறு மணிக்கு வருமாம், ஒரு மணி நேரம் நிற்பார்களாம்.

மலர் புதன் அச்சுக்குப் போகிறது. செய்யவேண்டியவை:

அதிபர் — நாலாம் பக்கத்தை ஒரு சொல் குறையாமல் திரும்பப் போடவேண்டும். முடியாதென்றால் முழுக் கட்டுரையையும் எடுக்கவேண்டும். பாதிக் கதைக்கு என் பெயர் வேண்டாம்.

தலைவர் — வாழ்த்துச் செய்தி, ஒரு பக்கம். அவருடைய படம் ஒன்று போதும்.

படம் தேடிய ஆள் — யாழ்ப்பாணக் கோட்டையை யாழ்ப்பாணத்திலேயே விடவேண்டும்.

மேவிஸ் — அவர்கள் கோட்டைப் படம் தரவேண்டும். டெல்வினின் முழுப்பெயரை எழுதித் தரவேண்டும். நான் தமிழில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

மகன் — ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம். பக்கத்தை ஸ்கான் பண்ணவேண்டும். வாசிக்கத் தேவையில்லை.

நான் — குளிசை. அதிபர் இரண்டுக்கும் மறுத்தால், நூலகத்தில் நாலாம் பக்கம் நூறு பிரதி. விழாவில் வாசலில் நின்று மலர் கொடுப்பது வருடாவருடம் நான்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று வைக்கவேண்டும்.

அதிபர், இன்னொன்று — தம்பியின் பெயர். நாலாம் பக்கத்தில் டெல்வினின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அவர் எழுதாவிட்டால் அந்த வரி வெறுமையாகவே போகட்டும், அதை மூடி எழுதமாட்டேன்.